கால்தான் கொடுத்தாச்சே, இன்னும் என்ன உரிமை?

கேள்வி:
முகாம் போட்டு இலவசமாகச் செயற்கைக் கால் கொடுக்கிறார்கள். மாதாமாதம் உதவித்தொகை வருகிறது. பஸ்ஸில் சலுகை இருக்கிறது. இதற்கு மேலும் உரிமை, உரிமை என்று பேசுவது எதற்கு? அப்புறம், கண்ணிவெடியில் கால் போனவர்களுக்கும் நம்ம திருநெல்வேலிக்கும் என்ன சம்பந்தம்? இங்கே காலை எடுப்பது சர்க்கரையும் ரயிலும்தானே?

12 மார்ச் 2025

அண்ணாச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். சம்பந்தம் நான்தான்.

இடது கால், முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. 2003, ராஜஸ்தான் எல்லை. நான் ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தேன். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்த பிறகு எல்லை நெடுக படை போய் நின்றது. அப்போது லட்சக்கணக்கில் வெடிகள் புதைக்கப்பட்டன. படை திரும்பியதும் அவற்றைத் தோண்டி எடுக்கும் வேலை எங்களுக்கு. மணல்மேடு காற்றுக்கு நகரும். வரைபடத்தில் புள்ளி இருக்கும் இடத்தில் வெடி இருக்காது. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. என்னை வாங்கிய வெடி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், எடை நூறு கிராம் சொச்சம். அது கொல்வதற்காகச் செய்ததே இல்லை. ஒருவனுக்குப் பாதம் போனால் அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், மூன்று பேர் சண்டையிலிருந்து கழிவார்கள் என்பது கணக்கு.

முதல் கேள்விக்கு நாளை எழுதுகிறேன். இன்றைக்கு பொய்க்காலின் சாக்கெட் உரசிப் புண்ணாகிக் கிடக்கிறது.

13 மார்ச் 2025

நேற்று எழுதாமல் விட்டது.

கங்கைகொண்டானில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். ஊர் வட இலங்கையில் பளைப் பக்கம். 2002-ல் போர்நிறுத்தம் வந்ததும், இனிமேல் பயமில்லை என்று சனங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள். மறு வருஷம் பனங்காணிக்குள் விறகு பொறுக்கப் போனபோது வெடித்தது. அவருக்கும் 2003. அவருக்கும் முழங்காலுக்குக் கீழேதான், வலது கால்.

ஒரே வருஷம், ஒரே மாதிரி வெடி, ஒரே உயரத்தில் வெட்டு. எனக்கு என்ன கிடைத்தது? புனேயில் 1944-லிருந்து நடக்கும் செயற்கை உறுப்பு மையத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, கட்டுப்போடக் கற்றுக்கொடுத்து, நிற்க வைத்து, நடக்க வைத்து அனுப்பினார்கள். கால் பழசானால் திரும்பப் போகலாம். ஊனமுற்றோர் ஓய்வூதியம் வருகிறது. அக்காவுக்கு யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் மையத்தில் முதல் கால் நல்லபடியாகப் போட்டார்கள். 2006-ல் படகில் இந்தக் கரைக்கு வந்தபோது அது உப்புத் தண்ணீரில் ஊறியது. அதற்குப் பிறகு மூன்று இலவச முகாம்கள், மூன்று கால்கள். மூன்றும் அவர் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. வெளியே போக கக்கக்கட்டைதான்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அந்தக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, அண்ணாச்சி.

13 மார்ச், இரவு

"மூன்று கால் வாங்கியும் போடவில்லை என்றால் அது அவர் தப்பு இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, விளக்கமாகவே சொல்கிறேன்.

வெட்டிய கால் வெட்டியபடியே இருக்காது. முதலில் வீங்கியிருக்கும். பிறகு ஆறு மாதம், ஒரு வருஷம் வரை சுருங்கிக்கொண்டே போகும். அதன் பிறகும் உடம்பு இளைத்தால் இளைக்கும், பெருத்தால் பெருக்கும். அதன்மேல் மாட்டும் கிண்ணத்தைத்தான் சாக்கெட் என்கிறோம். அது செருப்பு மாதிரி எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்று வராது. மாவுக்கட்டில் அச்சு எடுத்து அந்த ஆளுக்கென்றே வார்க்க வேண்டும். அரை விரல் இடைவெளி விழுந்தாலும் மேலும் கீழும் ஆடி எலும்பு முனையில் புண் வரும். பெரியவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு கால் மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒன்றாவது வேண்டும். பிள்ளைகளுக்கு வெட்டுப்பட்ட எலும்பும் வளர்ந்து தோலைக் குத்தும், திரும்பவும் அறுவை செய்ய வேண்டி வரும்.

முகாமில் காலையில் அச்சு எடுத்து சாயங்காலம் கால் கொடுக்கிறார்கள். வேகம் நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பதினைந்து நாள் கழித்து தளர்ந்துபோனால் யாரிடம் போவது? அக்காவுக்குக் கால் கொடுத்த ஒரு முகாமில் மேடையில் நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள். போன் நம்பர் கொடுக்கவில்லை. பழைய சேலையைக் கிழித்து சாக்கெட்டுக்குள் திணித்து ஒன்றரை மாதம் நடந்திருக்கிறார். பிறகு புண், பிறகு சீழ், பிறகு கட்டில்.

தப்பு அவர்மேல் இல்லை.

17 மார்ச் 2025

ஒரு திருத்தம். நான் எழுதியதை அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "தம்பி, கண்ணிவெடி எண்டா வாகனத்துக்கு வைக்கிறது. நான் மிதிச்சது மிதிவெடி. ரெண்டையும் ஒண்டா எழுதாதேங்கோ" என்றார். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் கண்ணிவெடி என்ற ஒரே பெயர்தான். அவர்கள் பாஷையில் தனித்தனியாகப் பெயர் இருக்கிறது, தேவையும் அங்கே இருந்தது. இனிமேல் மிதிவெடி என்றே எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொன்னார். கங்கைகொண்டானைச் சுற்றிப் பனை நிற்கிறது இல்லையா? வந்த புதிதில் அதைப் பார்த்து ஊர் ஞாபகம் வந்து அழுதாராம். ஆனால் இன்றுவரை ஒரு பனைக்குக் கீழேயும் போனதில்லை. தார் ரோட்டை விட்டு இறங்க மாட்டார். இங்கே வெடி இல்லை என்று அவருக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது.

எனக்கும் அப்படித்தான். செய்துங்கநல்லூரில் அத்தை வீட்டுக்குப் போகும் வழியில் மணல் தடம் ஒன்று உண்டு. இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றித்தான் போகிறேன்.

19 மார்ச் 2025

இல்லாத காலில் வலி எப்படி வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். வரும். ராத்திரி மூன்று மணிக்கு என் இடது கட்டைவிரலை யாரோ முறுக்குகிற மாதிரி இருக்கும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் அங்கே போர்வைதான் கிடக்கும். மூளைக்குள் பாதத்துக்கென்று ஓர் இடம் இருக்கிறது. பாதம் போன பிறகும் அந்த இடம் சும்மா இருப்பதில்லை. நம் தமிழ்க்காரர், நரம்பியல் அறிஞர் விளையனூர் ராமச்சந்திரன் 1990-களில் இதற்குக் கண்ணாடி வைத்தியம் கொண்டுவந்தார். இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற காலை அதில் பார்த்துக்கொண்டே மெல்ல அசைக்க வேண்டும். இல்லாத கால் அசைவதாக மூளை நம்பிவிடும், முறுக்கு தளரும். எல்லோருக்கும் கேட்பதில்லை. எனக்குக் கேட்டது. சலூன்காரர் கொடுத்த பழைய கண்ணாடிதான் என் மருந்து.

இதை இங்கே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போன வீட்டை எனக்குத் தெரியும்.

2 ஏப்ரல் 2025

நேற்று பின்லாந்து, மிதிவெடித் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகப் போவதாகச் சொல்லிவிட்டது. போன மாதம் 18-ஆம் தேதி போலந்து, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா நான்கும் சேர்ந்து அதையே சொன்னன. பக்கத்தில் ரஷ்யா என்கிற பயம்.

எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. பட்டாளத்தானாக அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. நீளமான எல்லை, குறைந்த ஆள். மிதிவெடி தூங்காது, சம்பளம் கேட்காது. நானே புதைத்திருக்கிறேன். ஆனால் அது சண்டை முடிந்துவிட்டது என்ற உத்தரவையும் கேட்காது. பளையில் சண்டை நின்ற பிறகுதான் அக்காவின் காலை எடுத்தது. ராஜஸ்தானில் துப்பாக்கிச் சண்டையே நடக்கவில்லை, என் காலை எடுத்தது.

ஒப்பந்தம் 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் கையெழுத்தாகி 1999 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் எல்லா மிதிவெடியையும் அகற்றியாக வேண்டும் என்பது அவர்களுக்குக் கெடு. வட இலங்கையில் முகமாலை போன்ற இடங்களில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெண்கள் ஏராளம், அதிலும் புருஷனை இழந்து குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள் பலர். மண்ணை அடுக்கடுக்காக இழுத்துப் பார்க்க அவர்கள் கையில் இருந்தது தோட்டத்தில் குப்பை வாரும் வாரி மாதிரியான கருவி. வெயிலில் கனத்த கவச உடையோடு, மண்டியிட்டபடி. அந்த வேலை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

4 ஏப்ரல் 2025

இன்று மிதிவெடி விழிப்புணர்வு நாள். 2023-ல் மட்டும் உலகத்தில் வெடிகளிலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளிலும் 5,757 பேர் செத்தோ காயப்பட்டோ இருக்கிறார்கள். நூற்றுக்கு 84 பேர் பட்டாளத்தில் இல்லாத சாதாரண சனம்.

ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துன் சன்னரெத், கம்போடியா. அவரும் போர்வீரர். 1982-ல் மிதிவெடியில் இரண்டு கால்களும் போயின. பிறகு தன்னைப் போன்றவர்களுக்குச் சக்கர நாற்காலி செய்யத் தொடங்கினார். 1997-ல் மிதிவெடித் தடை இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் அமைதி நோபல் கிடைத்தபோது, ஆஸ்லோ மேடையில் இயக்கத்தின் சார்பில் பதக்கத்தை வாங்கியது அவர்தான், சக்கர நாற்காலியில் இருந்தபடியே. வெடியில் சிக்கிய ஆள் படத்துக்கு மட்டும் நிற்கவில்லை, பதக்கமே அவர் கையில்.

அந்த ஒப்பந்தத்தில் ஆறாம் பிரிவைப் பாருங்கள். வெடியை ஒழிப்பதோடு விடவில்லை. காயப்பட்டவருக்கு வைத்தியம், மறுவாழ்வு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் திரும்பச் சேர்ப்பது எல்லாம் உதவ முடிந்த நாடுகளின் கடமை என்று எழுதியிருக்கிறது. ஓர் ஆயுத ஒப்பந்தத்தில் இப்படி எழுதியது அதுதான் முதல் முறை. தானம் என்ற சொல் அங்கே இல்லை.

5 ஏப்ரல் 2025

"சர்க்கரையில் கால் போனவர்தான் இங்கே அதிகம், அவர்களை விட்டுவிட்டு மிதிவெடி என்கிறீர்களே" என்று மேலப்பாளையத்திலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் சரிதான். நான் இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஒரே குண்டுக்குள்ளிருந்து பல சிறு குண்டுகள் சிதறுவதுதான் கொத்துக்குண்டு. 2008-ல் அதற்குத் தனியாக ஒரு தடை ஒப்பந்தம் வந்தது. அதன் ஐந்தாம் பிரிவில் ஒரு வரி என் மனசுக்கு மிகவும் நெருக்கமானது. கொத்துக்குண்டில் காயப்பட்டவருக்கும் வேறு காரணத்தால் காயப்பட்டவருக்கும் இடையே பாகுபாடு காட்டக்கூடாது, தேவையைப் பார்த்துத்தான் வித்தியாசம் செய்யலாம் என்கிறது. எதனால் போனது என்ற கேள்வியே வேண்டாம். போய்விட்டது, என்ன வேண்டும்? அவ்வளவுதான்.

நம் ஊரில் முதல் கேள்வியே "எப்படிப் போச்சு?" என்பதுதான். எல்லையில் போனது என்றால் எனக்கு நாற்காலி போடுகிறார்கள். சர்க்கரை என்றால் "வாயைக் கட்டியிருக்கணும்" என்கிறார்கள். தண்டவாளம் என்றால் "குடியா?" என்கிறார்கள். அகதி என்றால் பேச்சே நின்றுவிடுகிறது. கடைசியில் எல்லோருக்கும் ஒரே கக்கக்கட்டை, ஒரே படிக்கட்டு.

6 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதை ராத்திரி முழுக்க யோசித்தேன். இது இன்று நேற்று வந்த புத்தி இல்லை. நம் பக்கம் நொண்டி நாடகம் என்று ஒரு வகை இருந்தது. கதை எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். திருடன், தாசி வீட்டில் பணத்தை விட்டவன், குதிரை திருடப் போய் அகப்பட்டு கால் வெட்டுப்படுவான். பிறகு கோயிலுக்குப் போய் அழுது தொழ, சாமி அருளால் கால் வளரும். கேட்டு வளர்ந்த சனத்துக்கு, கால் இல்லாதவன் என்றால் ஏதோ செய்திருப்பான், கால் வந்தால் அது யாரோ போட்ட கருணை என்று மனசில் பதியாமல் என்ன செய்யும்?

ஆனால் இதே பாண்டிய நாட்டில்தான் பொற்கைப் பாண்டியன் கதையும் இருக்கிறது. ராத்திரிக் காவலில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய பிழைக்குத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு பொன்னால் கை பொருத்திக்கொண்டவன். செயற்கைக் கையோடு அரியணையில் இருந்தான், நீதிக்கு அந்தக் கைதான் அடையாளம். இரண்டு கதையும் நம்முடையது. பிள்ளைகளுக்கு இரண்டாவதைச் சொல்லுங்கள்.

18 ஏப்ரல் 2025

நேற்று முன்தினம் சட்டமன்றத்தில் மசோதா வந்திருக்கிறது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிப்பார்கள். கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் வேறு யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் ஓர் ஊராட்சி அலுவலகத்துக்குப் பதினொரு படி, கைப்பிடி கிடையாது. நியமித்த உறுப்பினர் கூட்டத்துக்குப் போவது எப்படி? 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தெளிவாக இருக்கிறது. விதிகள் வந்த 2017-இலிருந்து ஐந்து வருஷத்துக்குள் இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லோரும் புழங்கும்படி மாற்ற வேண்டும். அந்தக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் அறிவுரையாக வைத்திருந்தால் போதாது, கட்டாயமாக்கு என்று சொன்னது. அந்தப் பதினொரு படி அப்படியேதான் இருக்கிறது.

ஆனாலும் அல்வாவுக்காக வருத்தப்படவில்லை. உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்தால் படியைப் பற்றிக் கேள்வி கேட்க அங்கேயே ஆள் இருக்கும்.

21 ஏப்ரல் 2025

"உட்கார்ந்து பீடி சுற்றலாமே" என்ற பின்னூட்டத்துக்கு.

முக்கூடலில் முழங்காலுக்கு மேல் கால் போன ஒரு தங்கச்சியிடம் இதையே ஊரெல்லாம் சொன்னது. சுளகு மடியில் நிற்க இரண்டு தொடையும் வேண்டும். ஒரு பக்கம் தாங்கல் இல்லாமல் தூளும் இலையும் சரிந்து கொட்டும். அவள் அப்பா மரப்பெட்டி ஒன்றை அளவாக அறுத்து அந்தப் பக்கம் முட்டுக் கொடுத்தார், அதற்குப் பிறகு சுற்றினாள். ஆனால் அந்தப் பிள்ளை பி.காம். படித்தவள். அரசு வேலையில் நூற்றுக்கு நாலு இடம் என்று சட்டம் சொல்கிறது. அவளுக்கு வேலை யோசித்த யாரும் அவள் என்ன படித்தாள் என்று கேட்கவே இல்லை.

அக்காவுக்கு அந்த நாலு இடமும் கிடையாது, குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த அவர் மகன் பெயிண்ட் வேலைக்குப் போகிறான்.

12 மே 2025

கத்திரி வெயில். சாக்கெட்டுக்குள் வியர்வை தேங்கி சளக் சளக்கென்று சத்தம் வருகிறது. மத்தியானம் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு கரண்டி தண்ணீர் வடிகிறது. பருத்தி சாக்ஸ் நாலு ஜோடியாவது வைத்திருங்கள். ராத்திரி சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கைக்கண்ணாடி வைத்து அடிப்பக்கம் பாருங்கள். சிவப்பாக இருந்தால் மறுநாள் காலை மாட்டாதீர்கள்.

செருப்பு பற்றி: பின்வார் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பொய்க்காலில் விரல் இறுக்காது, ரப்பர் செருப்பு நழுவிவிடும். குதி உயரத்தையும் மாற்றாதீர்கள். காலைப் பொருத்தும்போது எந்த உயரத்துக்கு வைத்தார்களோ அதே உயரம். மாற்றினால் முழங்கால் முன்னாலோ பின்னாலோ தள்ளும்.

பஸ்ஸில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பொய்க்கால் முதலில். அதற்கு மூன்று நொடி கூட ஆகும். கண்டக்டர் அண்ணன்மார்கள் யாராவது வாசித்தால், அந்த மூன்று நொடிக்குப் பிறகு விசில் கொடுங்கள். ஜங்ஷனில் விசில் கேட்டுப் பதறிக் குதித்து நான் விழுந்ததில் போன பல் ஒன்று.

14 மே 2025

ஜெய்ப்பூர் கால் பற்றிக் கேட்டவருக்கு: நம் வாழ்க்கைக்கு அது ஒத்துவரும். ரப்பர் பாதம் என்பதால் செருப்பில்லாமல் கோயிலுக்குப் போகலாம், சேற்றில் இறங்கலாம், சம்மணம் போடலாம், குந்தலாம். 1968-ல் ஜெய்ப்பூரில் டாக்டர் சேத்தி கண்டுபிடித்தது.

14 மே, மாலை

திருத்தம். டாக்டர் சேத்தி மட்டுமில்லை. அந்தப் பாதத்தை வடித்தவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுத்தவர், பெரிய படிப்புப் படிக்காதவர். இறக்குமதிக் காலை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார முடியாமல் திண்டாடிய ஆட்களைப் பார்த்து ரப்பரில் செய்து பார்த்தார். அவர் பெயரை விட்டுவிட்டு எழுதியது தவறு. நான் கால் ஊன்றி நிற்பதே ஒரு கைவேலைக்காரரால்தான்.

அதனால்தான் சமாதானபுரத்தில் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவரை நாங்கள் பிடித்தோம். பழுதாகிக் கிடக்கும் கால்களில் பாதிக்கு மேல் வார் அறுந்தது, போல்ட் கழன்றது, பாத ரப்பர் வெடித்தது, இவ்வளவுதான் வியாதி. வாரை அவர் தைக்கிறார். ஓய்வு பெற்ற டெக்னீஷியன் ஒருவர் போல்ட்டையும் நேர்கோட்டையும் பார்க்கிறார். மாதம் இரண்டாவது ஞாயிறு, பாளையங்கோட்டையில் என் வீட்டுத் தாழ்வாரம். போன தடவை பதினாலு கால்கள் வந்தன, ஒன்பது அன்றைக்கே நடந்து திரும்பின.

சாக்கெட் தளர்ந்தது மட்டும் எங்களால் ஆகாது. அதற்கு அச்சு எடுக்கும் ஆள் வேண்டும், பட்டறை வேண்டும். மாவட்டம்தோறும் நிரந்தரமாக, வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் பட்டறை. நான் கேட்கும் உரிமையில் முதலாவது இதுதான், அண்ணாச்சி.

9 ஜூன் 2025

வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18. வண்ணார்பேட்டையில் எங்கள் உறவில் ஓர் ஆச்சி, சர்க்கரையில் கால் எடுத்து எட்டு மாதம். மீனவத் தம்பிகள் படகைக் கொண்டுவந்து மாடியிலிருந்து தூக்கி இறக்கினார்கள். அவர்கள் இல்லையென்றால் ஆச்சி இல்லை. படகில் இடமில்லாமல் வாக்கரை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. கொண்டுபோய்த் தங்கவைத்த மண்டபத்தில் கழிப்பறை ஆறு படிக்குக் கீழே. ஆச்சி மூன்று நாள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. நான் போய்ப் பார்க்கும்போது உதடு வெடித்திருந்தது.

மாவட்டப் பேரிடர் ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் எட்டாம் பிரிவு சொல்கிறது. யார் வீட்டில் யார் இருக்கிறார், எந்த மாடி, படகில் வாக்கருக்கு இடம் வேண்டுமா என்று முன்னமே தெரிந்திருந்தால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. எங்கள் வார்டில் வீடு வீடாகப் போய் எழுத ஆரம்பித்துவிட்டோம். இதுவரை முப்பத்தொரு பேர். பட்டியலை ஒரு திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு கொடுப்போம், ரசீது வாங்குவோம்.

10 ஜூலை 2025

தேரோட்டம் முடிந்து ஊர் அடங்கியிருக்கிறது. இடையில் எழுத முடியவில்லை.

அக்காவுக்கு ஒரு பட்டறையில் முறைப்படி அச்சு எடுத்தாயிற்று. மதுரைப் பக்கம், மூன்று தடவை போய் வந்தோம். முதல் சாக்கெட் இறுக்கம், இரண்டாவது எலும்பு முனையில் இடித்தது, மூன்றாவது பிடித்தது. மூன்று தடவை போக வேண்டியிருந்ததைத்தான் நான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயணச் செலவை இங்கே வாசித்த இரண்டு பேர் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

போன வாரம் போன் செய்தார். "தம்பி, தார் ரோட்டால இறங்கி மூண்டாவது பனை மட்டும் போயிட்டு வந்தனான்" என்றார். நான் பதில் சொல்ல வாய் வராமல் நின்றேன். "ஓமெண்டு சொல்லும்" என்றார். ஓம் அக்கா என்றேன்.

12 ஜூலை 2025

கேள்வி கேட்ட அண்ணாச்சி தனியாக எழுதியிருக்கிறார். அவர் மாமனாருக்குப் போன வாரம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்திருக்கிறார்களாம். இதை இங்கே எழுதலாம் என்று அவரே சொன்னார்.

அண்ணாச்சி, நாளைக்குத்தான் இரண்டாவது ஞாயிறு. அவரைக் கூட்டிவர வேண்டாம், தையல் பிரியும். நீங்கள் மட்டும் காலை பத்து மணிக்கு வாருங்கள். கிரேப் பேண்டேஜை எட்டுப் போல எப்படிச் சுற்றுவது என்று காட்டித் தருகிறேன். நுனியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. தையல் பிரித்து டாக்டர் சரி சொன்ன பிறகு நீங்களே கட்டலாம். அதுவரை அவர் கொஞ்ச நேரமாவது குப்புறப் படுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள், இடுப்பு மடங்கிப் போகாமல் இருக்கும். வலிக்குச் சுகமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்திருப்பீர்கள், எல்லா வீட்டிலும் வைப்பார்கள். முட்டி மடங்கியே இறுகிவிட்டால் பிறகு எந்தக் காலும் பொருந்தாது. இந்த ஒன்றுக்கு நாளை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே போய் எடுத்துவிடுங்கள்.